தினம் 67 ரூபாய்... அம்மாவோடு மலேசியா!

எங்கள் ஊர் மீமிசல். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரம். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை. இந்தப் பக்கம் கோபாலப்பட்டினம், அந்தப் பக்கம் ஆர்.புதுப்பட்டினம் என்று எந்த ஊருக்குள் நுழைந்தாலும், பாஸ்போர்ட் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், துபாய், சவுதி என்று வீட்டுக்கு ஒருவராவது போயிருப்பார்கள். வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவரை எங்கள் பக்கத்தில் ‘சபுராளி’ என்போம்.

ஆனால், அந்த பாஸ்போர்ட்டுகள் எல்லாம் ஆண்களுடையவை. எல்லாம் வேலைக்காக எடுத்தவை. சும்மா சுற்றிப் பார்க்க வெளிநாடு போனவர்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்களைத் தாண்டவில்லை. அதில் பெண் ஒருவர்கூட இல்லை.

என் அத்தா 26 வருஷம் மலேசியாவில் இருந்தவர். 1978-ல் நாகப்பட்டினத்தில் ‘எம்.வி.சிதம்பரம்’ கப்பல் ஏறி பினாங்கில் இறங்கினார். முதலில் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை, பிறகு கோலாலம்பூர். இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். 2004-ல் மொத்தமாக ஊர் திரும்பினார். 2019-ல் காலமானார். அவர் வாழ்க்கையில் பாதியை வாங்கிக்கொண்ட அந்த ஊரை அம்மா ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. “மஸ்ஜித் இந்தியாங்கிற எடம் எப்படிம்மா இருக்கும்? லெட்டர்ல அட்ரஸ் எழுதி எழுதிக் கை பழகிப்போச்சு. எடத்தைத்தான் பாத்ததில்ல” என்பார்.

2025 பிப்ரவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் வந்தேன். நான் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ஜாக்கெட், சுடிதார் தைப்பவள். லோன் போடவில்லை. நகையை அடகு வைக்கவில்லை. “எப்படி முடிஞ்சுது?” என்று இன்றுவரை கேட்கிறார்கள். அதற்கான பதில்தான் இது.

கொச்சி டீக்கடை சொன்ன பாடம்

கொச்சியில் ‘ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்’ என்ற சின்ன டீக்கடை நடத்திய விஜயன் - மோகனா தம்பதியைப் பற்றி நீங்களும் படித்திருப்பீர்கள். கடை வருமானத்தில் தினம் 300 ரூபாயைப் பயணத்துக்கென்று எடுத்து வைத்து, 2007-லிருந்து 26 நாடுகளைப் பார்த்தவர்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா போய்விட்டு வந்தார்கள். அடுத்த மாதமே விஜயன் மாரடைப்பால் காலமானார்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இரண்டு விஷயங்கள் உறைத்தன. ஒன்று, பெரிய தொகையை ஒரேநாளில் புரட்டவே முடியாது. சின்னத் தொகையைத் தினம் எடுத்து வைக்கலாம். இன்னொன்று, ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதற்கு வயது காத்திருக்காது. அம்மாவுக்கு அப்போதே முழங்கால் வலி ஆரம்பித்திருந்தது.

ஆனால், அவர்கள் செய்ததில் ஒன்றை மட்டும் நான் பின்பற்றவில்லை. சேமிப்பு போதாதபோது வங்கியில் கடன் வாங்கிப் போய்விட்டு, திரும்பி வந்து அடைப்பார்கள். தினமும் கல்லாவில் காசு விழும் கடைக்கு அது சரி. தையல் வருமானம் அப்படியில்லை. ரம்ஜான், தீபாவளி, பொங்கலுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆடியில் மெஷின் தூங்கும். அதனால், முதலில் பணம், பிறகு பயணம் என்று முடிவு செய்தேன்.

2022 அக்டோபரில் வங்கியில் இரண்டு வருஷத்துக்கு ஆர்.டி. போட்டேன். மாதம் 2,000 ரூபாய். நாளுக்குக் கணக்குப் பார்த்தால் 67 ரூபாய். தபால் நிலைய ஆர்.டி. நல்லதுதான். ஆனால், அது ஐந்து வருஷத் திட்டம். எனக்கு அத்தனை நாள் பொறுமை இல்லை. பணம் எடுக்க முடியாத இடத்தில் இருந்ததுதான் முக்கியம். டப்பாவில் போட்டிருந்தால், ஏதாவது ஒரு கல்யாண மொய்க்குப் போயிருக்கும்.

2024 அக்டோபரில் வட்டியோடு 51 ஆயிரம் சொச்சம் கைக்கு வந்தது. பண்டிகைத் தையலில் ஒதுக்கியது 9,000 ரூபாய்க்கு மேல். இதற்கு நடுவில் ஒரு நல்லது நடந்தது. இந்தியர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் வரலாம் என்று 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா அறிவித்தது. விசாவுக்கு என்று ஒதுக்கியிருந்த பணமும் மிச்சம்!

அம்மாவின் பெயர் எது?

பணத்தைவிட அதிகமாக இழுத்தடித்தது அம்மாவின் பாஸ்போர்ட்தான். ஆதாரில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் ஓர் எழுத்து கூடுதல், ரேஷன் கார்டில் வேறு பிறந்த வருஷம். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தந்தக் காலத்தில் கேட்டவர்களிடம் தோன்றியதைச் சொல்லி எழுத வைத்தது நாங்கள்தான். எல்லாவற்றையும் ஒன்றாக்கவே மாதக் கணக்கில் ஆனது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களை எங்காவது அழைத்துப்போகும் எண்ணமிருந்தால், டிக்கெட்டைப் பற்றி யோசிக்கும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். புதிதாக எடுக்கும் 60 வயது தாண்டியவர்களுக்கு 10 சதவிகிதம் தள்ளுபடி உண்டு. அம்மாவுக்கு 1,350 ரூபாய்தான். புதுக்கோட்டை மாவட்டம் திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. தட்கலுக்குக் கூடுதலாக 2,000 ரூபாய். அவசரம் இல்லாதவர்கள் அதை மிச்சப்படுத்தலாம்.

ஒரு வேடிக்கை. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘ஈ.சி.ஆர்.’ முத்திரை விழும் என்று யாரோ சொல்ல, அம்மா, “நம்ம ஊரு ரோட்டுப் பேரை எதுக்கு அதுல போடுறாங்க?” என்று கேட்டார். அந்த ஈ.சி.ஆர். வேறு, வேலைக்குப் போகிறவர்கள் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. சுற்றுலாவுக்கு அது தடையில்லை. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடும் கிடையாது.

வேன் வேண்டாம், பஸ் போதும்

பயணக் கம்பெனி ஒன்றில் விசாரித்தபோது, நான்கு இரவுக்கு ஆளுக்கு 48 ஆயிரம் என்றார்கள். இரண்டு பேருக்கு 96 ஆயிரம். வெளிநாட்டு டூரை இப்படி பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்ற வரியையும் சேர்த்து வசூலிப்பார்கள். வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பப் பெறலாம்; செய்யாவிட்டால் போனது போனதுதான். விமானம், தங்குமிடம், பஸ் என்று தனித்தனியாக நாமே பதிவு செய்யும்போது இந்தச் சிக்கல் இல்லை. கல்லூரியில் படிக்கும் மகள் செல்போனில் எல்லாவற்றையும் பார்த்துச் சொன்னாள். பணம் கட்டும் பொத்தானை மட்டும் நான் அழுத்தினேன்.

பயணத்துக்கு நான்கு மாதம் முன்பே டிக்கெட் எடுத்தோம். பள்ளி விடுமுறை இல்லாத பிப்ரவரி கடைசி வாரம். சீனப் புத்தாண்டும் தைப்பூசமும் முடிந்து, ரம்ஜான் நோன்பு தொடங்கும் முன் உள்ள இடைவெளி. கிழமையை மாற்றி மாற்றிப் பார்த்ததில், வார இறுதியைவிட வார நடுவில் ஆளுக்கு 2,000 ரூபாய்வரை குறைந்தது. கையில் ஆளுக்கு 7 கிலோ இலவசம். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் பணம் கட்டினோம்.

எங்கள் ஊரில் யாராவது வெளிநாடு கிளம்பினால், வேன் பிடித்து 15 பேர் திருச்சி ஏர்போர்ட்வரை வழியனுப்பப் போவது வழக்கம். வேன் வாடகை, வழியில் சாப்பாடு என்று அதிலேயே பல ஆயிரம் போய்விடும். நாங்கள் பஸ்ஸில் போனோம். மீமிசல் - அறந்தாங்கி, அறந்தாங்கி - புதுக்கோட்டை, அங்கிருந்து திருச்சி பஸ். ஏர்போர்ட் அந்தச் சாலையிலேயே இருப்பதால் திருச்சி டவுனுக்குப் போகாமல் வழியிலேயே இறங்கிவிடலாம். “ஃபாரினுக்கு பஸ்ஸுல போற குடும்பம் நம்ம குடும்பந்தான்” என்று அம்மா சிரித்தார். 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தில் கோபுரமும் கோலமுமாக இருந்த அலங்காரங்களைப் பார்த்தே அம்மாவுக்குப் பாதி டூர் முடிந்துவிட்டது.

அத்தா நடந்த தெரு

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அத்தாவுக்குக் கப்பலில் ஒரு வாரம் ஆன பாதை. குடிநுழைவு கவுன்ட்டரில் எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டார்கள். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு இரண்டையும் தாளில் அச்செடுத்து வைத்திருந்தோம். காட்டியதும் முத்திரை விழுந்தது.

விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு வேக ரயில் உண்டு. ஆளுக்கு 55 ரிங்கிட். பஸ்ஸில் 15 ரிங்கிட்தான். ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். அப்போது ஒரு ரிங்கிட் ஏறக்குறைய 20 ரூபாய். சென்ட்ரலிலிருந்து நகர ரயிலில் இரண்டாவது நிறுத்தம் மஸ்ஜித் ஜாமெக். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் மஸ்ஜித் இந்தியா. தமிழில் பெயர்ப்பலகை, தமிழில் பேச்சு. கடைக்காரர் ஒருவர், “எந்த ஊரும்மா?” என்று கேட்க, அம்மா “மீமிசல்” என்றதும், “அட, நமக்கு ஜெகதாப்பட்டினம்!” என்றார். அதன்பிறகு அம்மாவுக்குப் பயம் போய்விட்டது.

முதல் மூன்று நாளில் இரண்டு இரவு கோலாலம்பூர். இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் 1909-ல் கட்டிய ஜாமெக் பள்ளிவாசல், இரட்டைக் கோபுரத்தின் அடியில் உள்ள பூங்கா, பத்துமலையின் 140 அடி முருகன் சிலை... இவை எதையும் பார்க்க டிக்கெட் வாங்கவில்லை. பத்துமலைக்கு ரயிலிலேயே போகலாம். 272 படிகளை அம்மாவின் முழங்கால் ஒப்புக்கொள்ளாது என்பதால் கீழேயே நின்று பார்த்தோம். கோபுரத்தின் உச்சிக்குப் போகும் டிக்கெட்டையும் எடுக்கவில்லை. வெளியே நின்று பார்ப்பதுதான் அழகு என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

பிறகு, பஸ்ஸில் ஐந்து மணி நேரம் பட்டர்வொர்த். அங்கிருந்து 2 ரிங்கிட் கொடுத்து ஃபெரியில் பினாங்கு. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1801-ல் உருவாக்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் இருக்கும் தர்கா, நாசி கண்டார் கடைகள் என்று நம் கடற்கரையின் இன்னொரு துண்டு அங்கே இருக்கிறது. காவடிக் கம்பில் சோற்றையும் குழம்பையும் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுச் சுமந்து, துறைமுகக் கூலிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடுதான் நாசி கண்டார். ‘நாசி’ என்றால் சோறு. ‘கண்டார்’ என்றால் அந்தக் கம்பு.

அத்தா வேலை பார்த்த கடையைத் தேடினோம். பழைய கடிதத்தில் இருந்த கதவு எண்ணை வைத்துக் கண்டுபிடித்தோம். இப்போது அது செல்போன் கடை. பின்பக்கம் மாடிக்குப் போகும் மரப்படி மட்டும் அப்படியே இருந்தது. செங்குத்தாக, ஒருவர் மட்டும் ஏறக்கூடிய படி. “மேல ஒரு ரூம்புல பத்துப் பேரு படுத்திருப்போம்” என்று அத்தா சொல்வார். அம்மா கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

“இந்தப் படியை முன்னாடியே பாத்திருந்தா, கோடாலித் தைலம் வாங்கிட்டு வாங்க, சேலை வாங்கிட்டு வாங்கன்னு அவுகளுக்கு லெட்டர் போட்டிருக்க மாட்டேம்மா” என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. எதிர்க்கடையில் இரண்டு தே தாரிக் சொன்னேன். குடித்துவிட்டு நடந்தோம்.

இதுதான் எங்கள் கணக்கு

இரண்டு பேர், ஆறு நாள், ஐந்து இரவு:

பாஸ்போர்ட் (அம்மாவுக்குப் புதிது, எனக்குப் புதுப்பித்தது) - 2,850 ரூபாய்
விமானம் போக, வர. ஒரு பெட்டி உட்பட - 29,700 ரூபாய்
தங்குமிடம், சுற்றுலா வரியோடு - 10,000 ரூபாய்
சாப்பாடு - 4,800 ரூபாய்
அங்கே பஸ், ரயில், ஃபெரி - 5,600 ரூபாய்
சிம் கார்டு - 600 ரூபாய்
பயணக் காப்பீடு - 1,400 ரூபாய்
சாமான், இதர செலவு - 5,000 ரூபாய்
மீமிசல் - திருச்சி போக, வர - 600 ரூபாய்

மொத்தம் 60,550 ரூபாய். ஆளுக்கு 30 ஆயிரம் சொச்சம்.

பாதிச் செலவு விமானம்தான் என்பதைக் கவனியுங்கள். அங்கே போய் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைப்பதில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. தேதியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் மிஞ்சும்.

நீங்கள் கிளம்பும் முன்...

* பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். டிக்கெட்டில் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும்.

* முதல் பெயர், குடும்பப் பெயர் என இரண்டு இடங்களையும் நிரப்பி பாஸ்போர்ட் எடுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமீரகத்தின் சுற்றுலா விசாவில் சிக்கல் வருகிறது.

* மலேசியாவுக்கு, போய்ச் சேரும் தேதிக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை அரசு இணையதளத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்டால் அது போலித் தளம்.

* மலேசியாவில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ஹோட்டல் கட்டணத்தைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

* பணத்தை ஊரிலேயே, அங்கீகாரம் பெற்ற இடத்தில் மாற்றி ரசீது வாங்குங்கள். விமான நிலையத்தில் பெரும்பாலும் மதிப்புக் குறைவாகவே கிடைக்கும்.

* பெரியவர்களின் மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பயணக் காப்பீட்டைத் தவிர்க்காதீர்கள். ஒருநாள் ஆஸ்பத்திரிச் செலவு இரண்டு வருஷச் சேமிப்பைத் தின்றுவிடும்.

* ‘சுற்றுலாவாகப் போ, அங்கே வேலை வாங்கித் தருகிறேன்’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அப்படிப் போய்ச் சிக்கியவர்களின் கதைகள் எங்கள் கடற்கரையில் நிறைய உண்டு.

இன்னும் பக்கத்தில்...

மலேசியாதான் என்றில்லை. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரத்தில் கரை சேர்ந்துவிடலாம். யாழ்ப்பாணம் அங்கிருந்து பஸ் தூரம்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல் நின்றுவிடும் என்பதால், சேவை நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் வாக்காளர் அட்டையே போதும். நேபாளத்துக்கு கோரக்பூர்வரை ரயிலில் போய், சோனௌலி எல்லை வழியாக நுழையலாம். பூட்டானில் இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு. அதையும் கணக்கில் சேருங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறும். எங்கே போவதானாலும், டிக்கெட் எடுக்கும் முன் அந்த நாட்டு அரசின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஊர் திரும்பியதும், “அந்தக் காசை உம்ராவுக்குச் சேத்திருக்கலாமே” என்று ஒருவர் கேட்டார். “அதுக்கும் சேப்போம்” என்றார் அம்மா. மறுவாரமே அடுத்த ஆர்.டி.யைத் தொடங்கிவிட்டோம். இந்தமுறை மாதத்துக்கு 2,500 ரூபாய். அதில் 500 ரூபாய் அம்மாவின் முதியோர் உதவித்தொகையிலிருந்து.

போன வாரம் எதிர்வீட்டு மாமி அம்மாவிடம் வந்து உட்கார்ந்தார். அவருடைய வீட்டுக்காரர் 30 வருஷமாக சிங்கப்பூரில் இருக்கிறார். “அந்த பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன சீட்டு வேணும்னு சொல்லு” என்று கேட்டார். அம்மா என்னைக் கூப்பிடவில்லை. தானே வரிசையாக விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் சொன்னது இதைத்தான்: “மொதல்ல ஆதார்ல ஒம்பேரு சரியா இருக்கான்னு பாரு!”